மூளை வறுவல்

"சூடம் ஏத்திக் கொண்டாங்க அத்தை, அணைச்சுச் சத்தியம் பண்றேன். நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா, சுட்ட இந்தக் கை வெளங்காமப் போகட்டும்!"

வலக்கையை விரித்துக் காட்டினார் மலைச்சாமி. கழுத்தில் மெடல் ஆடியது.

எழுமலையில் மாமியார் வீட்டு வைகாசிக் கிடா விருந்து. மூத்த மருமகன் சோணைமுத்துவும் இளையவர் மலைச்சாமியும் அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை பேருக்குச் சமைத்தாலும் கிடாவுக்கு மூளை ஒன்றுதான். அந்த வீட்டில் மூளை வறுவல் மூத்த மருமகனுக்குத்தான் என்பது வழக்கம். இருபத்திரண்டு வருடமாக அது சோணைமுத்துவின் இலையைத் தவிர வேறு இலையைப் பார்த்ததில்லை.

போன வருடம் மலைச்சாமி புதுக் காரில் வந்து இறங்கியதும் மாமியார் அன்னக்கொடி வாயை விட்டுவிட்டார். "அடுத்த வருசம் மூளை, ரெண்டு மாப்ளையில யாரு கெட்டிக்காரரோ அவுகளுக்கு!"

இதோ இன்று, அன்னக்கொடி வறுவல் சட்டியோடு இரண்டு இலைகளுக்கும் நடுவில் நிற்கிறார். கண் மெடல் மேலேயே இருக்கிறது.

சோணைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. பசி அல்ல.

"வெவரமாச் சொல்லுங்க மாப்ள" என்றார் அன்னக்கொடி.

"போன ஞாயித்துக்கிழம அத்தை, பரவைக்கு அங்கிட்டு ஒரு துப்பாக்கிக் கிளப்புல போட்டி. அண்ணன்தான் என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாரு. பத்து மீட்டர் தூரத்துல குறி பாத்துச் சுடுற அட்டை தொங்கும். ஆளுக்குப் பத்துக் குண்டு கையில எண்ணிக் குடுப்பாக. பதினொண்ணாவது கேட்டா கெடைக்காது. அண்ணனுக்கு நாலாம் நம்பர் அட்டை, பக்கத்துல அஞ்சாம் நம்பர் எனக்கு."

"ரொம்பப் பழகுனீகளோ?"

"வெங்காய மண்டிய விட்டுட்டு எங்கிட்டுப் பழக? துப்பாக்கியவே அன்னிக்குத்தான் தொட்டேன். ரெண்டு நிமிசம் சொல்லிக் குடுத்தாக, அம்புட்டுத்தான்."

சோணைமுத்துவைக் கொன்றது அந்த இரண்டு நிமிடம்தான். அவர் பழகியது ஒரு வருடம்.

கோச்சடையில் தன் வீட்டுச் சுவரில் மிளகளவு ஒரு புள்ளி வைத்தார். புதிதாக வாங்கிய காற்றுத் துப்பாக்கியைக் குண்டு போடாமல் அதற்கு நேரே பிடித்து, குழல் நுனியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, காசு விழாமல் விசையை அழுத்திப் பழகினார். வாரத்துக்கு ஒரு தப்பு என்று நோட்டில் எழுதித் திருத்தினார். முதல் வாரம், விரல் வெடுக்கென்று இழுக்கிறது. அடுத்த வாரம், மூச்சு நிற்கவில்லை. அதற்கடுத்த வாரம், கன்னம் நகர்கிறது. மார்கழியில் காசு விழுவதை நிறுத்தியது. பங்குனியில் குண்டு போட்டு, பத்து மீட்டரில் எரியும் ஊதுபத்தியின் நுனி நெருப்பை மட்டும் சுட்டு அணைத்தார், குச்சி அசையவில்லை. சித்திரையில் மனைவி பாண்டீஸ்வரி ஊதுபத்தி வாங்குவதையே விட்டுவிட்டாள்.

"பெரிய மாப்ள எம்புட்டு எடுத்தாக?" அன்னக்கொடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதை ஏன் கேக்குறீக! அட்டை கடையில இருந்து வந்த மாதிரியே இருந்துச்சு. ஒரு ஓட்டை கெடையாது. 'அடுத்த வருசமும் இதையே தொங்க விட்டுக்கலாம் சார்'னு கிளப்புக்காரர் சொல்லிட்டாரு."

பந்தியே சிரித்தது. "எம்புட்டு ஊதுபத்தி, அத்தனையும் வீணு!" என்றாள் பாண்டீஸ்வரி, தண்ணீர் ஊற்றியபடி.

"வீணா?" சோணைமுத்து எகிறினார். "பத்துக் குண்டும் நட்ட நடுவுல பாஞ்சதை நான் என் கண்ணால பாத்தேன்டி!"

"நீங்க எங்கிட்டு அண்ணே உங்க அட்டையப் பாத்தீக?" என்றார் மலைச்சாமி. "மொதக் குண்டுல இருந்து கடைசிக் குண்டு வரைக்கும் என் அட்டையவேல்ல மொறைச்சுக்கிட்டு இருந்தீக!"

உண்மைதான். அன்று சோணைமுத்துவின் கண் அந்த அஞ்சாம் நம்பரை விட்டு ஒரு நொடியும் நகரவில்லை.

"எனக்கே ஆச்சரியம்தான் அத்தை" மலைச்சாமி தொடர்ந்தார். "குண்டு போனதே தெரியல. துப்பாக்கி அதிரக்கூட இல்ல, பூ மாதிரி இருந்துச்சு. அட்டையக் கழட்டிப் பாத்தா நடுவுல ஒரே ஓட்டை. பத்தும் அதுக்குள்ளயே போயிருக்கு! இந்தச் சட்டைதான் அன்னிக்குப் போட்டிருந்தது. ராசி போயிருமேன்னு இன்னும் துவைக்கக்கூடப் போடல."

அன்னக்கொடி பெருமூச்சு விட்டார். "கோவிச்சுக்கிறாதீக பெரிய மாப்ள. வாய் தவறிச் சொன்னாலும் சொன்ன சொல்லு."

கரண்டி சோணைமுத்துவைத் தாண்டிப் போனது. மிளகு மணக்க மணக்க அத்தனை வறுவலும் பக்கத்து இலையில் விழுந்தது. சோணைமுத்து தன் இலையிலிருந்த வெறும் சோற்றைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, பக்கத்து இலையைப் பார்த்தார்.

மலைச்சாமி கண்ணை மூடி வறுவலை மோந்து பார்க்கக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து என்னவோ பொலபொலவென்று இலையில் கொட்டியது.

"மிளகு மாதிரி இருக்கே, என்ன மாப்ள அது?" என்றார் அன்னக்கொடி.

சோணைமுத்து கையை நீட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார். ஈயக் குண்டுகள், சரியாகப் பத்து.