மாடிக்குப் போன சலவைக்கடை

"அண்ணி, அந்த பேங்க் மேனேஜர் கடன் கொடுக்கிற ஆளு இல்ல. கொடுக்காம இருக்கிறதுக்குச் சம்பளம் வாங்கற ஆளு" என்றான் கொழுந்தன்.

சலவைக்கடைக்காரிக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று மாதமாக அந்தச் சின்ன வங்கிக்கு நடையாய் நடக்கிறாள். கணவன் போன பிறகு தனி ஆளாய்த் தூக்கி நிறுத்திய தொழில். இரண்டு ஆஸ்பத்திரிகள் படுக்கை விரிப்புகளைத் தரத் தயாராக இருந்தன. கால்வாய்த் தெருவில் பெரிய கடை, நாலு மெஷின், ஒரு டீசல் பாய்லர். அவ்வளவுதான் கேட்டாள்.

மேனேஜருக்குத் தெருவே வைத்த பெயர் முட்டுக்கட்டை.

ஒருநாள் அவரே கால்வாய்த் தெருக் கடையைப் பார்க்க வந்தார். தரை, கால்வாய்க் கரையைவிட எவ்வளவு தாழ்வு என்று அளந்தார். முன்பு பெய்த மழைகளில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அப்புறம் குண்டைத் தூக்கிப் போட்டார். மெஷின் எல்லாம் மாடியில்தான் இருக்க வேண்டும். டீசல் பாய்லர் கூடாது; மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்தால் குறைந்த வட்டியில் பசுமைக் கடன் கிடைக்கும்.

"ஈரத்துணியைச் சுமந்துக்கிட்டு நாள் முழுக்கப் படி ஏறி இறங்கணுமா சார்?"

"நான் என்னம்மா செய்யறது? பேங்க் ரூல்."

அந்த வட்டிக்கு வேறு யாரும் தரமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அதன்பின் படி ஏறும்போதெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

இரண்டாம் வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கால்வாய் உடைந்து தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர். அச்சகம் போச்சு, மாவு மில் போச்சு, மரக்கடை போச்சு.

கரண்ட் வந்த அன்றே அவள் மெஷின்கள் ஓடின. வேலைக்கு இருந்த பதினோரு பெண்களில் ஒருத்திக்குக்கூடச் சம்பளம் நிற்கவில்லை. தெருவின் சேறு படிந்த துணியையெல்லாம் ஒரு வாரம் காசு வாங்காமல் துவைத்துக் கொடுத்தாள்.

கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் வங்கிக்கு ஓடினாள். மேனேஜர் நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். பழையவரை வேறு ஊருக்கு மாற்றி ஒரு வருஷம் ஆகிறதாம்.

"அப்போ உங்ககிட்டயே சொல்லிடறேன்மா. உங்க பேங்க் ரூல் புண்ணியத்துல பதினோரு வீட்டுல அடுப்பெரியுது."

புது மேனேஜர் ஃபைலை எடுத்துப் புரட்டினாள்.

"அப்படி ஒரு ரூல் அப்போ எங்க பேங்க்ல இல்லவே இல்லம்மா. வெள்ளம் வந்தா என்ன ஆகும்னு பார்த்துக் கடன் கொடுக்கணும்னு அவர்தான் தலைமை ஆபீசுக்கு எழுதிக்கிட்டே இருந்தார். யாரும் காதுல போட்டுக்கல. கடனை இழுத்தடிக்கிறார்னுதான் மாத்தினாங்க."

சலவைக்கடைக்காரி கிளம்பத் தயாரானாள். அவர் இருக்கிற ஊருக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள்.

புது மேனேஜர் விலாசத்தை எழுதி நீட்டினாள்.

"பார்த்தா இதையும் சொல்லிடுங்கம்மா. போன வாரம் எல்லாக் கிளைக்கும் அந்த ரூல் வந்துடுச்சு. எல்லாம் அவர் எழுதின வார்த்தைதான். அவர் பேர் மட்டும் இல்ல."