நடையில் சொல்லிப் பார்த்த பதில்கள்

"கார் சாவியக் குடுலே" என்றார் கண்ணபிரான்.

இசக்கிராஜா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். இடைசெவலுக்குக் கிழக்கே, பருத்தி எடுத்து முடித்த காடுகளுக்கு நடுவில், வண்டிப்பாதையில் நின்றிருந்தார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

சர்க்கரை கூடிப்போய் டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து கண்ணபிரான் காலையில் இந்தப் பாதையில்தான் நடப்பார். டிரைவர் இசக்கிராஜா பக்கத்தில் வருவான். தலைசுற்றி விழுந்துவிடக் கூடாதே என்று மனைவி மாரிச்செல்வி தண்ணீரும் பிஸ்கட்டுமாகப் பின்னால் வருவாள்.

தேர்தலில் சீட்டுக் கிடைத்த பிறகு அந்த நடையே ஒத்திகையாகிவிட்டது. டிவிக்காரர்கள் கோவில்பட்டியில் வேட்பாளர்களை மேடையேற்றி விவாதம் நடத்தப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எதிர்த்து நிற்கும் வக்கீல் நஸீமா என்னவெல்லாம் கேட்பாரோ அதையெல்லாம் இசக்கிராஜா கேட்பான். கண்ணபிரான் கையை ஆட்டிப் பதில் சொல்லிப் பார்ப்பார். சில பதில்களுக்கு அப்புறம் உண்மையையும் சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

நேற்று மேடையில் அந்தப் பதில் ஒன்றுகூட எடுபடவில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம் என்று அவர் ஆரம்பித்ததுமே நஸீமா மைக்கைப் பிடித்தார்.

"விவசாயிகளோட கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தேன்னு அண்ணாச்சி சொல்லப் போறாவ. அன்னிக்கு அவிய குத்தாலத்துல குளிச்சுக்கிட்டு இருந்தாவ. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அடுத்தடுத்து வாயெடுத்த பதில்களுக்கும் அதே கதிதான். மச்சினனைப் பற்றிய கேள்வியை மட்டும் நஸீமா ஏனோ கேட்கவே இல்லை.

அவர் மிகவும் பயந்திருந்தது அதற்குத்தான். போன உள்ளாட்சித் தேர்தலில் பூத் வாசலில் ஒருவன் மண்டையை உடைத்தது கண்ணபிரான். பழியை ஏற்றுக்கொண்டு பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனது மாரிச்செல்வியின் தம்பி. சீக்கிரம் வெளியே எடுத்துவிடுவதாக அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். ஒத்திகையில் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். அவன் ஒரு ரவுடிப்பயல், அவனுக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று.

ராத்திரி முழுக்க யோசித்ததில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குற்றாலம் போன விஷயம் வீட்டுக்கே தெரியாது, கூடப் போனவன் இசக்கிராஜாதான். மண்டபத்து வாசலில் அவன் நஸீமாவிடம் நின்று பேசியதைக் கட்சிக்காரர்கள் பார்த்திருந்தார்கள். போன மாதம்தான் கார் தாமதமாக வந்ததென்று ஊர்க்கூட்டத்தில் வைத்து அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தார்.

"அடிச்ச அடிக்குப் பழிவாங்கிட்ட, என்ன?"

தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, காரைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தச் சொல்லித்தான் அந்தம்மா பேசினார்கள் என்று இசக்கிராஜா சொன்னான். பிறகு கண்ணபிரானின் தோளைத் தாண்டி ஒரு தரம் பார்த்தான். அதற்கப்புறம் தலையைக் குனிந்துகொண்டு வாயே திறக்கவில்லை.

அவருக்கு அது போதும். தெரிந்த இன்ஸ்பெக்டரின் நம்பரைப் போனில் தேடிக்கொண்டே பேசினார்.

"வீட்டுல சங்கிலியக் காணோம்னு எழுதிக் குடுக்கப் போறேன். நீதான் எடுத்திருக்க. ஜெயில்ல கிடந்துக்கிட்டு நஸீமாவக் கூப்பிடு. வந்து வெளிய எடுக்காளான்னு பாப்போம்."

இசக்கிராஜாவுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியபோது பின்னால் நின்ற மாரிச்செல்வி முன்னால் வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவர் கையிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை. இதில் உனக்கு ஒன்றும் தெரியாது, தள்ளிப் போ என்று கண்ணபிரான் அதட்டினார். அவள் நகரவில்லை.

"அவன விடுங்க. நீங்க நடையில பேசினதப் பின்னால கேட்டுக்கிட்டு வந்து நஸீமாட்ட எல்லாத்தையும் சொன்னது நான்."

மச்சினன் கேள்வியை அந்த வக்கீல் ஏன் விட்டுவைத்தாள் என்று கண்ணபிரான் தன்னையும் மீறிக் கேட்டுவிட்டார்.

"நான்தான் கேக்க வேண்டாம்னேன். அத இன்னிக்குச் சாயங்காலம் டிவியில நானே சொல்லுதேன்."