மகாராணிக்கு ஒரு போன்

அன்றைக்குத் தூறல் விழுந்ததா, கொட்டகைத் தகரத்திலிருந்து பனிதான் சொட்டியதா என்று டிரைவருக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஆடு பாத்திரத்தை உதைத்துத் தள்ளியது மட்டும் நிச்சயம்.

"உதைம்மா மகாராணி, நல்லா உதை" என்றபடி, உருண்டுபோன பாத்திரத்தை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பலகையில் உட்கார்ந்தார்.

வெளியே சேவல் ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்று எச்சமிட்டுக்கொண்டிருந்தது. கோழிகள் கூண்டை மறந்து மாதக்கணக்காகிறது. ராத்திரியில் மரக்கிளையில்தான் படுக்கை. விரட்டி விரட்டி இவருக்குக் கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். படிக்கட்டில் தொங்கும் காலேஜ் பையன்களை ஒரே முறைப்பில் உள்ளே ஏற்றியவர். அந்த முறைப்பு இந்தக் கொட்டகையில் செல்லுபடியாகவில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு, ஆட்டின் காதோரம் தூணில் தொங்கிய தகர டப்பாவில் வைத்தார்.

"ஏண்டி சின்னவளே, எந்திரிச்சிட்டியா?"

மனைவியின் குரல். ஆடு காதை நிமிர்த்தியது.

அவள் இவரிடம் பேசி நாலு மாதம் ஆகப்போகிறது. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நீ இல்லாட்டியும் இந்த வீடு ஓடும்" என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவைத்தார். "பஸ் ஓட்டினவர்தானே, ஓட்டிக்காட்டுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள்தான்.

இரண்டாம் நாளே ஆடு இவர் கைக்குப் பாலை இறக்க மறுத்துவிட்டது. மடி கல்லாகிச் சூடேறிய பிறகு, வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் போட்டார். போனை ஆட்டிடம் கொடுக்கச் சொன்னாள். இவரிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அவள் பேசப் பேசப் பால் இறங்கியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் போன் வருகிறது. ஆட்டுக்கு.

"உங்கப்பா கண்ணுக்கு மருந்து விட்டாராடி?"

"விட்டாச்சுன்னு சொல்லு" என்றார் ஆட்டிடம்.

"விட்டிருக்க மாட்டாரு. கொட்டகையக் கூட்டுனாரா?"

பக்கத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, போனுக்குக் கேட்கிற மாதிரி தரையில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"இப்பத்தான் கூட்டுறாரு பாரு."

ஆடு அவர் சட்டை நுனியை மென்றது. வெடுக்கென்று இழுத்தால், பொத்தான் அதன் வாயோடு போய்விட்டது. இவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. இந்த வீட்டில் தன்னிடம் நேராகப் பேச ஒரு ஜீவன் கிடையாது.

கையை அழுத்தினார். பாத்திரத்தில் சர் சர் என்று விழத் தொடங்கியது.

"ம், நல்லா எறக்கு" என்றாள் அவள்.

பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவளுடைய மௌனங்களை இவர் இப்போது ரகம் பிரித்து வைத்திருந்தார். காய் நறுக்கும் மௌனம், தலை சீவும் மௌனம், அக்கா பக்கத்தில் வந்து நிற்கும் மௌனம். இது எதிலும் சேரவில்லை.

"மாடி ரூம் காலியாகுதாம். என்னையே எடுத்துக்கிட்டு இங்கயே இருந்துடச் சொல்றா உங்க பெரியம்மா. இன்னைக்குப் பதில் சொல்லணும். நீ என்னடி சொல்ற?"

கை நின்றது. சத்தமும் நின்றது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வா என்று சொல்ல அதுகூடத் தேவையில்லை. அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. சோற்றில் வைத்த கையோடு தம்பி பெண்டாட்டி அன்றைக்கு நிமிர்ந்து பார்த்த பார்வை ஞாபகம் வந்ததும், வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

ஆடு பொத்தானை அசைபோட்டது.

"அவ இஷ்டம்னு சொல்லு" என்றார் கடைசியில்.

சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. மறுபடி கையை அழுத்தினார், வேகமாக. சர் சர் சர்.

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அந்தத் தண்ணியக் கீழ கொட்டிடாதீங்க" என்றாள். "கோழிக்கு வைங்க."

அது ஆட்டுக்குச் சொன்னதில்லை.

இவர் தன் கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தார். அதன் மூடியில், ஆணியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டை.

ஆட்டுக்குப் பால் வற்றி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சினை முற்றிக்கொண்டு வருகிறது. பால் நின்றது தெரிந்தால் போனும் நின்றுவிடும் என்றுதான் வேளை தவறாமல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆட்டைக் கிடாயிடம் கூட்டிப்போனவளே அவள்தான். சினையாடு எப்போது பால் வற்றும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது இவருக்கு இந்த நிமிஷம்தான் உறைத்தது.

ஒரு மாதமாகத் தினம் இரண்டு வேளை அவள் தண்ணீர்ச் சத்தத்துக்குத்தான் போன் போட்டிருக்கிறாள்.

பாட்டிலைக் கீழே வைத்தார். தகர டப்பாவிலிருந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரை அணைத்துக் காதோடு பிடித்தார். அவள் இன்னும் வைக்கவில்லை.

"மூணு மணி பஸ்ல கூட்டம் இருக்காது" என்றார்.

அவள் ஐந்து மணி பஸ்ஸில், நின்றுகொண்டே வந்தாள். அக்கா வீட்டு மாடியில் ஒரு தையல்காரர் குடியேறினார். அடுத்த மாதம் ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. கோழிகள் கூண்டுக்குத் திரும்பின. சேவலைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.