அளக்க மறந்த அழுகை

இருட்டிய பிறகு, முதியோர் கொட்டகையிலிருந்து அங்கே யாருமே கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. மேலாளர் எருமை பதறிக்கொண்டு ஓடிற்று. மனநலத் திட்டத்தின் பலனை மதிப்பிட வந்திருந்த கொக்கும் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் ஓடிற்று.

உள்ளே கிழட்டு ஆடு சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அணில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தது. தினமும் இப்படி வந்து பேசிவிட்டுப் போவதுதான் திட்டம்.

"பார்த்தீங்களா சார், பலனை!" என்றது எருமை.

"பலன்னு எப்படிச் சொல்றது? அணில் வர்றதுக்கு முன்னாடி இந்தம்மா எவ்வளவு அழுதாங்க? எங்கேயும் குறிக்கலையே!" என்றது கொக்கு.

எருமை கொம்பைச் சுவரில் தேய்த்தது. "மறந்துட்டோம் சார்."

"பரவாயில்லை. ஒரு மாசம் அணிலை நிறுத்துங்க. அம்மா நல்லா அழட்டும், அளந்துக்கலாம். அப்புறம் அணிலை அனுப்பலாம்."

ஆட்டுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஏன் தம்பி, அந்த ஒரு மாசத்துல நான் செத்துப்போயிட்டா?"

"அதுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கேன்மா" என்று கொக்கு பணிவாகப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. "இதோ, 'பாதியில் விலகியவர்கள்'."

"வாப்பா வெளியே" என்று எருமை அணிலைக் கூப்பிட்டது. அணில் தயங்கி எழுந்தது.

"நீ உட்காரு கண்ணு, கதை இன்னும் முடியலை" என்றது ஆடு. பிறகு தள்ளாடி எழுந்து, கொக்கையும் எருமையையும் தலையால் முட்டி வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது.