பூனைகூட ஆடல

ஓட்ஸ் டப்பாவின் உட்புறம் கறுப்பு பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் ஊசியால் துளை போட்டு மார்னி செய்த கேமராவுக்கு முதல் மாடல் அவள் காதலன் க்ளென். துலூத் நகரத்தில் அன்றைக்கு அபூர்வமாக நல்ல வெயில்.

“நாலு நிமிஷம் டப்பாவையே பாரு. அசையாத. வாயத் திறக்காத.”

துளையை மூடியிருந்த டேப்பை உரித்துவிட்டு மார்னி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நேரம் முடிந்ததும் வந்து டேப்பை ஒட்டினாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். க்ளெனும் பின்னாலேயே போனான்.

சிவப்பு பல்பு வெளிச்சத்தில், டப்பாவிலிருந்து எடுத்துத் தட்டிலிருந்த மருந்தில் அவள் மிதக்கவிட்ட காகிதத்தில் படம் மெல்ல எழுந்தது. நாற்காலி தெளிவாக இருந்தது. அவன் மடியில் தூங்கிய பூனையின் மீசைகூடத் தெரிந்தது. க்ளெனின் தலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரே கலங்கல்.

“கெடுத்துட்டியேடா. பூனைகூட ஆடல. உன்னால சும்மா இருக்க முடியாதா?”

“முடியல.”

“அவ்வளவுதானா? வேற ஒண்ணுமே சொல்ல இல்லையா உனக்கு?”

“வாயத் திறக்காதன்னது யாரு? தல எந்தப் பக்கம் ஆடியிருக்குன்னு நல்லாப் பாரு.”

மார்னி குனிந்து பார்த்தாள். கலங்கல் இடவலமாகப் போகவில்லை. மேலும் கீழுமாக இழுபட்டிருந்தது.

“நாலு நிமிஷமும் விடாம ஆட்டினேன். கழுத்தே பிடிச்சுக்கிச்சு,” என்றான் க்ளென்.

மார்னி சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த மருந்து தளும்பித் தரையில் கொட்டியது. பக்கத்தில் இருந்த டப்பாவில், துளைக்குக் கீழே, காலையில் அவள் வெள்ளைப் பெயிண்டால் எழுதியது இன்னும் சரியாகக் காயவில்லை:

‘என்னைக் கட்டிக்கிறியா?’