கரண்டி நுனியில் இறால்

நன்றாக வெந்த இறால் ஒன்றை மையாக அரைத்து, மசித்த உருளைக்கிழங்கில் கலந்து, சின்னக் கரண்டியின் நுனியில் எடுத்தேன்.

மகள் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. முட்டையையும் வேர்க்கடலையையும் போன மாதமே ஒரு கை பார்த்துவிட்டாள்.

என் மனைவி பால்கனியில், மூடிய கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இறால் வேகும் ஆவி பட்டாலே அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர், கிண்ணத்தில் இருப்பது என்னவென்று தெரிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“வேணாம் மாப்ள. அம்மாவுக்கு ஆகாதது பொண்ணுக்கு மட்டும் ஆகுமா?”

டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. தள்ளிப்போடாதீர்கள், காலை நேரத்தில் துளி கொடுத்துப் பாருங்கள், உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ ஒரு நொடி யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றிருந்தார்.

அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கண்ணாடியில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

“கைய விடுண்ணா! என் பயத்த அவ பேர்ல எழுதி வைக்க மாட்டேன்!”

கதவு மூடியிருந்தும் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

மச்சான் கையை விட்டார். நான் ஊட்டினேன்.

மகள் முகத்தைச் சுளித்தாள். நாக்கால் துழாவினாள். விழுங்கினாள்.

பத்து நிமிடம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

மகள் ஒருமுறை தும்மினாள். எங்கள் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

வேறொன்றும் இல்லை. வெறும் தும்மல். கண்ணாடிக்கு அப்பால் என் மனைவி தலையசைத்தாள்: கொடு.

அடுத்த வாய். அதற்கடுத்தது. கிண்ணம் காலி.

இரண்டு மணி நேரம் சட்டையைத் தூக்கித் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்த்தோம். ஒரு தடிப்புக்கூட இல்லை. மகள் அவள் பாட்டுக்கு விளையாடிவிட்டுத் தூங்கிப்போனாள்.

மச்சான் அன்று வேலைக்கே போகவில்லை. கிண்ணத்தையும் கரண்டியையும் அவரே கழுவினார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அப்போ தங்கச்சிக்கு நாலு வயசு மாப்ள. வாயே தொறக்க மாட்டேன்னா. நான்தான் என் தட்டுலேருந்து இறால எடுத்துத் திணிச்சேன்.”