புல் விதை

அவன் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அவள் குசினி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

இரும்புப் பல் வைத்த வாரியை அழுத்தி இழுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் வைக்கோல் நிறத்தில் ஒரு கற்றை பெயர்ந்து வந்தது. பனிக்காலம் முழுவதும் கீழே கிடந்து சடை பிடித்த புல். அது போனால்தான் தண்ணீர் வேருக்கு இறங்கும் என்பான்.

வாரிய இடமெல்லாம் மண் தெரிந்தது.

இன்று வீடு விற்கும் பலகையோடு தரகன் சுகந்தன் வருகிறான்.

பனி கரைந்ததும் விற்பது. பிறகு அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மார்கழியிலேயே பேசி முடித்தாயிற்று. சத்தம்கூடப் போடவில்லை. இருவருமே அவ்வளவு களைத்திருந்தார்கள்.

"பாய் மாதிரிச் சுருட்டிப் புல் விக்கிறாங்கள், அண்ணை. வாங்கி விரிச்சு விடுங்கோ. ஒரே நாளில பச்சை. விளம்பரப் படத்துக்கும் வடிவாயிருக்கும்" என்று சுகந்தன் போன கிழமை சொல்லியிருந்தான்.

அவன் தலையாட்டினான். அவளும்தான்.

அதற்குத்தான் பழசை வாருகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் கராஜுக்குள் போனான். ஒரு பையோடு வந்தான்.

சுருட்டிய புல் இல்லை. விதை.

அவளுக்கு விளங்கவில்லை.

விதை முளைத்து மண்ணை மூட மூன்று வாரமாவது வேண்டும். காலையும் மாலையும் நனைக்க வேண்டும். யாரும் மிதிக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாருவதும் தூவுவதும் அவன். தண்ணீர் விடுவது அவள். அப்படி யார் பிரித்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

பழக்கத்தில் செய்கிறானா? வீடு விலைபோகக் கூடாதென்று வேண்டுமென்றே செய்கிறானா? இல்லாவிட்டால்...

அதற்கு மேல் யோசிக்கப் பயமாயிருந்தது.

கோபம் வந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். இத்தனை மாதமாக ஒரு கோப்பைதான்.

வெளியே அவன் குனிந்து விதை தூவினான். குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல, மெல்ல. ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

கார் வந்து நின்றது. சுகந்தன் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினான்.

"என்ன அண்ணை, கோழி கிளறின மாதிரிக் கிடக்கு?"

அவன் வாரியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

பலகை நடுவதற்குப் புல்தரையின் நடுதான் தோதான இடம். தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். சுகந்தன் அதை நோக்கிக் காலைத் தூக்கினான்.

"தம்பி, மிதிக்காதேங்கோ!"

ஜன்னலை எப்போது திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுகந்தனின் கால் அந்தரத்தில் நின்றது.

"அப்ப இதை எங்க நடுறது, அக்கா?"



வாரியை ஊன்றி நின்றவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான்.

இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் சட்டென்று திரும்பி பேஸ்மென்டுக்கு இறங்கினாள்.

வெளிக் குழாய்க்குப் போகும் தண்ணீரை அங்கேதான் பனிக்காலத்தில் உறையாதிருக்க அடைத்து வைப்பார்கள். இருட்டில் திருகியைத் தடவிப் பிடித்தாள். இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகினாள்.



சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் இருமியது.

முதலில் காற்றுதான் வந்தது.